அந்த 55 கிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ரொறன்ரோவிலிருந்து அத்தான் தொலைபேசி எடுத்தார். பழைய கமராக்கள் விற்கும் கடை ஒன்றில் நின்றுகொண்டுதான் கதைத்தார். பங்குனியில் அக்காவும் பிள்ளைகளுமாக ஊருக்கு வரும்போது எனக்கு ஒரு தூர லென்ஸ் கொண்டுவருவதாக முன்பே சொல்லியிருந்தார்.

"தம்பி, நீ சொன்ன 70-200 இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று 450 டொலர், மற்றது 780. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் வெள்ளை. விலை கூடியதில் ஐ.எஸ். என்று எழுதியிருக்கிறது. உனக்கு அது வேண்டுமா, வேண்டாமா?"

காசைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் வித்தியாசமான 330 கனேடிய டொலர் அப்போது எங்கள் இலங்கைக் காசுக்கு 70,000 ரூபாய்க்கு மேல். அத்தான் அங்கே இரவு வேலைக்குப் போய் உழைக்கிற காசு அது. இரண்டு கிழமை அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு கிழமையில் நான் பார்த்ததையும் எண்ணியதையும் எழுதி வைக்கிறேன். இதே கேள்வியோடு நிற்கிறவர்கள் எங்கள் ஊரான திருகோணமலையிலேயே பலர் இருக்கிறார்கள்.

அத்தான் பார்த்தவை கெனன் நிறுவனத்தின் 70-200 எஃப்4 எல் லென்ஸ்கள். 70-200 என்பது மில்லிமீற்றரில் லென்ஸின் குவிய நீளம், எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எஃப்4 என்பது வெளிச்சம் நுழையும் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது. ஐ.எஸ். என்பது கை நடுக்கம் படத்தைக் கெடுக்காமல் காக்கும் நடுக்கத் தடுப்பு. அந்தத் தடுப்பு இல்லாதது 1999-இல் வந்தது, எடை 705 கிராம். தடுப்பு உள்ளது 2006-இல் வந்தது, 760 கிராம். இடைப்பட்ட 55 கிராமில்தான் இந்த முழு வழக்கும் இருக்கிறது. கமரா மேலும் கீழும், இடமும் வலமும் எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பதை உணரும் உணரிகள் உள்ளே இருக்கின்றன. அவை சொன்னபடி ஒரு கண்ணாடித் தொகுதியை மின்காந்த விசை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. கை வலப்பக்கம் சாய்ந்தாலும் உருவம் இருந்த இடத்திலேயே விழுகிறது. கமராவில் கழற்றி மாட்டும் லென்ஸ்களில் இதை முதலில் கொண்டுவந்தது 1995-இல் வெளியான கெனன் 75-300 ஐ.எஸ்.

எனக்கு இந்தக் கேள்வி ஒரு தனிப்பட்ட காரணத்தால் முக்கியம். போன வருடம் எங்கள் பகுதி அம்மன் கோவில் திருவிழாவில் படம் எடுத்தேன். திருவிழா மலருக்குப் படங்கள் கேட்டிருந்தார்கள். ஐந்தாம் இரவு, வெளிவீதியில் நாதஸ்வரம் ஆலாபனை தொடங்கியிருந்தது. தவில் வித்துவான் இன்னும் வாசிக்க ஆரம்பிக்கவில்லை. தவிலை மடியில் சாய்த்து, வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டி முடித்துவிட்டு, இடக்கையில் கழியைப் பிடித்தபடி கண்ணை மூடி ராகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அசையவே இல்லை. முகத்தின் ஒரு பக்கம் ரியூப் லைற் வெளிச்சம், மறுபக்கம் தீவட்டி. நான் 12 மீற்றர் தள்ளி நின்றேன். கிட்டப் போயிருந்தால் கண்ணைத் திறந்திருப்பார். என்னிடம் அப்போது இருந்தது தடுப்பு இல்லாத ஒரு 75-300. 200-இல் வைத்து, துவாரத்தை முழுதாகத் திறந்து, 1/40 செக்கன் ஷட்டர் வேகத்தில் ஆறு படங்கள் எடுத்தேன்.

கைத்தொலைபேசியில் பார்த்தபோது ஆறும் நன்றாகவே தெரிந்தன. அச்சுக்காரர் முழுப் பக்க அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார். இமை மயிர் ஒரு பழுப்புப் பூச்சாக இருந்தது. விரல் கூடுகளின் விளிம்பு இரண்டிரண்டாகத் தெரிந்தது. மலரில் அந்தப் பக்கத்துக்கு வேறொருவருடைய படம் போயிற்று. அந்த மனிதர் அப்படி உட்கார்ந்திருந்த அரை நிமிடம் எனக்கு இன்றும் மனதில் கிடக்கிறது.

ஏன் அப்படி நடந்தது என்று இந்த முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கமரா கெனன் 750டி, 24 மெகாபிக்சல். உணரித் தகட்டின் அகலம் 22.3 மில்லிமீற்றர், அதில் குறுக்காக 6000 புள்ளிகள். 200 மில்லிமீற்றர் லென்ஸில் கமரா ஒரு பாகையின் நூறில் ஒரு பங்கு சாய்ந்தாலே உருவம் ஒன்பது பத்துப் புள்ளிகள் தள்ளி விழுந்துவிடும். 12 மீற்றரில் இருக்கும் முகத்தில் அது இரண்டு மில்லிமீற்றர் இழுபடுகிறது. இமை மயிர் அழிய அது போதும். ஒரு பாகையின் நூறில் ஒரு பங்குக்குள் கையை நிறுத்தி வைக்க மூச்சை அடக்கினாலும் முடியாது. இதயத் துடிப்பே அதைவிட அதிகமாகக் கையை அசைக்கும்.

பழைய படப்பிடிப்புக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது: லென்ஸின் நீளம் எவ்வளவோ அதன் தலைகீழ்தான் கையில் பிடிக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம். 200 என்றால் 1/200. என் கமராவின் சிறிய தகட்டுக்கு 1.6 ஆல் பெருக்க வேண்டும், அப்படியானால் 1/320. நான் எடுத்தது 1/40, எட்டு மடங்கு மெதுவாக. ஒரு படி என்றால் இருமடங்கு, ஆகவே படிக் கணக்கில் மூன்று படி. 2006 லென்ஸுக்கு நிறுவனம் சொல்வது நான்கு படி. தாளில் பார்த்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. எனக்குத் தாள் போதவில்லை.

நகரில் கல்யாணப் படங்கள் எடுக்கும் நண்பரிடம் அதே ஐ.எஸ். லென்ஸ் இருக்கிறது. சனிக்கிழமை அவருக்கு வேலை இல்லை. வெள்ளி பின்னேரம் கந்தோர் முடிந்ததும் போய் இரவல் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பிரட்றிக் கோட்டைக்குள் நின்றேன். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் மரத்தடியில் எப்போதும் புள்ளிமான்கள் படுத்திருக்கும், ஆட்களுக்குப் பழகியவை. ஒரு பெட்டை மான் கால்களை மடித்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நிழலுக்குள் வெளிச்சம் மிகக் குறைவு. 200-இல் வைத்து முதலில் தடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கண்ணில் வைத்த குவியச் சதுரம் காதுக்குப் போயிற்று, கழுத்துக்கு இறங்கியது, பின்னால் கிடந்த சருகுக்குப் போய் மீண்டும் கண்ணுக்கு வந்தது. பிறகு ஆளியைத் தள்ளி, பொத்தானைப் பாதி அழுத்தினேன். உள்ளே ஒரு சிறு கிளிக், அதைத் தொடர்ந்து காதை வைத்தால் மட்டும் கேட்கிற மெல்லிய இரைச்சல். அரைச் செக்கன் கழிந்தது. பார்வைச் சாளரத்துக்குள் மான் நின்றுவிட்டது. முற்றாக நின்றது என்று சொல்லமாட்டேன். கயிறு கட்டிய தோணி போல இருந்த இடத்திலேயே மெல்ல அசைந்தது. சதுரம் கண்ணிலேயே இருந்தது. கண்ணின் ஓரத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கண்டேன்.

1/40 செக்கனில் தடுப்பு இல்லாமல் பத்து, தடுப்போடு பத்து. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பத்தில் ஒன்றுதான் அச்சுக்குத் தேறும். இரண்டாவது பத்தில் ஏழு. மற்ற மூன்றில் இரண்டு மான் தலையைத் திருப்பியதால் கெட்டவை. வெயில் ஏறிய பிறகு 1/500-இல் மீண்டும் எடுத்தேன். அங்கே இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

அந்த மான் தலையைத் திருப்பிய இரண்டு படங்களையும் ஞாயிறு காலை உப்புவெளிக் கடற்கரையில் முழுமையாக விளங்கிக்கொண்டேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் இன்னும் மேலே வரவில்லை. இருபது பேர் கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். 1/40, தடுப்போடு. மணல் ஒவ்வொரு பருக்கையாகத் தெரிகிறது. கரையில் படுத்திருந்த நாயின் மீசை தெரிகிறது. இழுக்கிறவர்களின் கைகளும் முகங்களும் புகை. லென்ஸ் என் கையைத்தான் நிறுத்தும், கயிறு இழுக்கிறவரின் கையை நிறுத்தாது. இதைத் தெரியாமல் இந்தத் தடுப்புக்குக் காசு கொடுத்துவிட்டு, ஓடும் பிள்ளையைப் படம் எடுத்து ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. அசைகிறவரை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும். வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும், அல்லது பெரிய துவாரம் வேண்டும், அல்லது ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் ஒளியுணர்வை, ஏற்ற வேண்டும். வேறு வழி கிடையாது.

பெரிய துவாரம் என்ற கதை வந்ததும் புதன்கிழமை ஒரு புதுக் குழப்பம். அத்தான் மீண்டும் கடைக்குப் போயிருக்கிறார். அதே கடையில் 70-200 எஃப்2.8, தடுப்பு இல்லாதது, 820 டொலர். ஐ.எஸ். உள்ள எஃப்4-க்குக் கொடுக்கும் காசுக்கு அருகில்தான். கல்யாண நண்பர் அதைத்தான் வாங்கச் சொன்னார். எஃப்2.8 எஃப்4-ஐவிட இருமடங்கு வெளிச்சம் தரும்: 1/40 இருந்த இடத்தில் 1/80. அந்த ஒரு படி எல்லாவற்றுக்கும் பொது, கைக்கும் உதவும், ஆடுகிறவருக்கும் உதவும். காவடி ஆட்டத்துக்கு அது உண்மையிலேயே நல்லது. ஆனால் 1.3 கிலோ. கோவில் திருவிழாவில் நான்கு மணி நேரம் கழுத்தில் தொங்க வேண்டிய பாரம். உட்கார்ந்திருக்கும் வித்துவானுக்கு அந்த ஒரு படி போதாது. எனக்கு மூன்று படி குறைந்திருந்தது. என் படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். நான் விரும்பி வைத்திருப்பவை எவை? காத்திருக்கும் ஐயர், தேருக்குக் கீழே படுத்திருக்கும் சக்கரக்கட்டைக்காரர், உள்துறைமுகத்தில் வலை பொத்தும் கிழவர். எல்லாரும் ஓய்ந்திருக்கும் மனிதர்கள். ஆட்டத்தின் நடுவில் எடுத்தவற்றை நான் திரும்பிப் பார்ப்பதே அரிது. எஃப்2.8-ஐ அந்த இரவே விட்டுவிட்டேன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பறவைப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் கிண்ணியாப் பக்கம் இருக்கிறார். அவரிடம் கெனன் 400 எஃப்5.6 இருக்கிறது. 1993-இல் வந்த லென்ஸ், தடுப்பு இல்லை. தம்பலகாமக் குடாவுக்கு மேலே செம்பருந்து சுற்றும்போது அவர் எடுப்பது 1/2000 செக்கனில். "எனக்கு அது இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன" என்றார். அவர் சொல்வது முழுக்கச் சரி. வெயிலில், பறக்கும் பறவைக்கு, அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் ஏறாது. தடுப்புக்காகச் செலவழிக்காத காசில் அவர் நல்ல லென்ஸ் வாங்கினார். அவருடைய படங்களைப் பார்த்தால் அந்த முடிவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அதே நினைப்போடுதான் அடுத்த நாள் விடுப்புப் போட்டுவிட்டுத் திமிங்கிலம் பார்க்கும் படகில் ஏறினேன். லென்ஸைத் திருப்பிக் கொடுக்க நண்பர் அதுவரை தவணை தந்திருந்தார். திருகோணமலைக்கு வெளியே கடல் கரையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே ஆழமான பள்ளத்தாக்காக இறங்குகிறது, அதனால் நீலத் திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது. 100 மீற்றருக்குள் படகு நெருங்கக்கூடாது என்பது விதி. அந்தத் தூரத்தில் 200 மில்லிமீற்றர் லென்ஸ் 11 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். 20 மீற்றருக்கு மேல் வளரும் விலங்கு படத்தை நிறைக்க அந்த நீளம் தாராளம். 1/1600-இல் எடுத்தேன். தடுப்பு இருந்த படங்களும் இல்லாதவையும் கூர்மையில் ஒன்றே. ஆனால் ஆடும் படகில் சாளரத்துக்குள் பார்ப்பது தடுப்போடு மிக இலகுவாக இருந்தது. தண்ணீருக்குள் கரும்பச்சையாக ஒரு நிழல் எழும்புவதைப் பின்தொடர முடிந்தது. வால் எழும்பும் இடத்தை முன்னமே ஊகித்து வைக்க முடிந்தது. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. படத்துக்காக விற்கப்படும் ஒரு வசதி கண்ணுக்கும் வேலை செய்கிறது.

படகில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். முழங்கையைப் படகின் விளிம்பில் ஊன்ற வேண்டாம். இயந்திரத்தின் அதிர்வு நேரே கமராவுக்குள் ஏறும், தடுப்பும் அதைச் சமாளிக்காது. முழங்கையை விலாவோடு ஒட்டி, முழங்காலை இலேசாக மடித்து நில்லுங்கள்.

இன்னொரு பரிசோதனை கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையில். இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் ஃபவுல் முனையில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கத்தை எடுத்தேன், ஏறத்தாழ 10 கிலோமீற்றர். நண்பகலில் தடுப்போடும் இல்லாமலும் எல்லாம் மங்கல். குழம்பியது காற்று: சூடான கடற்காற்றின் கானல் உருவத்தை நெளியச் செய்கிறது. எந்த விலைக்கு வாங்கிய லென்ஸும் அதற்கு மருந்தில்லை. விடியற்காலையில் போக வேண்டும்.

முக்காலி வாங்கினால் போதாதா என்று அம்மா கேட்டார். நல்ல கேள்விதான். முக்காலி எந்தத் தடுப்பையும்விட உறுதியானது. இந்தத் தலைமுறைக்கு முந்திய தடுப்பு லென்ஸ்களை முக்காலியில் வைத்தால் தடுப்பை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஆடத் தொடங்கும். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் முக்காலியை விரித்தால் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். சாமி வரும் வீதியில் அதை வைத்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் வராது.

கமரா உடலுக்குள்ளேயே தடுப்பு இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே உணரித் தகடே நகர்கிறது. அப்படிப்பட்ட கமரா வைத்திருப்பவர் 200 வரைக்கும் விலை குறைந்த லென்ஸைத் துணிந்து வாங்கலாம். நீளம் கூடக் கூடத்தான் தகட்டுக்குக் கஷ்டம்: அரைப் பாகைச் சாய்வை ஈடுசெய்ய 200-இல் தகடு 1.75 மில்லிமீற்றர் நகர வேண்டும், 400-இல் 3.5. என் 750டி-யில் அந்த வசதி இல்லை. நிக்கோன் கமரா வைத்திருக்கும் தம்பிமார் 2016-இல் வந்த 70-300 ஏஎஃப்-பி லென்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் தடுப்போடும் தடுப்பு இல்லாமலும் ஒரே வருடத்தில் வந்தது. அங்கே எடை வித்தியாசம் 15 கிராம்தான், விலை வித்தியாசமும் சிறியது. அதில் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம், தடுப்பு உள்ளதை எடுங்கள்.

எனக்கு இருந்த ஒரே பயம் பழைய சாமான் என்பது. உள்ளே நகரும் பாகம் இருந்தால் பழுதாக ஒன்று கூடுகிறது, திருத்தச் செலவும் பெரிது. அதனால் கடையில் என்ன செய்து பார்க்க வேண்டும் என்று அத்தானுக்கு எழுதி அனுப்பினேன். 200-இல் வைத்து, தெருவுக்கு எதிரே உள்ள ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பத்துச் செக்கன் பிடிக்க வேண்டும். உருவம் திடீரென்று துள்ளக்கூடாது, ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போகக்கூடாது. கரகரவென்று சத்தம் வரக்கூடாது. நான்கு மூலைகளும் ஒரே கூர்மையாக இருக்க வேண்டும். இரைச்சல் அடங்கிய பிறகுதான் லென்ஸைக் கழற்ற வேண்டும். இன்னொன்றையும் எழுதினேன்: ஐ.எஸ். உள்ளதில் தூசியும் ஈரமும் புகாமல் ரப்பர் காப்பு இருக்கிறது, 1999 லென்ஸில் அது இல்லை. உப்புக் காற்றில் வாழ்கிறவனுக்கு அந்த 70,000 ரூபாயில் ஒரு பங்கு அதற்கே போகலாம்.

"அப்போது அதையே எடுக்கிறேன்" என்றார் அத்தான். பாதிக் காசு நான் தருவேன் என்று பிடிவாதமாக நின்றேன், அக்கா இடையில் புகுந்து சம்மதிக்க வைத்தாள். பங்குனியில் பிள்ளைகளின் குளிர்ச் சட்டைகளுக்குள் சுற்றப்பட்டு லென்ஸ் வந்து சேர்ந்தது.

வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியபின் ஒரு முறை சுவாமி மலைக்குக் கொண்டுபோனேன். நிற்கவே தள்ளும் காற்றில் 1/200-இல் எடுத்தவை பெரும்பாலும் தேறின. மற்றப்படி கோவில் திருவிழாவுக்காகவே அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

இந்த வருடமும் அதே தவில் வித்துவான்தான் வந்திருந்தார். ஐந்தாம் இரவு நான் ஏங்கியபடி அவர் கண்ணை மூடவில்லை. ஏழாம் இரவில் மூடினார். கூடுகளை மாட்டி, முன்னால் இருந்த நாதஸ்வரக்காரர் பக்கம் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். 1/40 செக்கன். நான்கு படங்கள், நான்கும் தேறின.

அடுத்த நாளே நகரில் பெரிதாக அச்சிட்டு, பின்னேரம் அவர் தங்கியிருந்த மடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை ரியூப் லைற்றுக்குக் கீழே பிடித்து நெடுநேரம் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார்.

"தம்பி, நடுவிரல் கூட்டில் வெடிப்பு விட்டிருக்கிறதே."

பையைத் திறந்து அந்தக் கூட்டை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். மயிரளவு வெடிப்பு, விளிம்பிலிருந்து குறுக்காக ஓடியிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார்.